செப்டம்பரில் வா, தம்பி

மினியாபொலிஸ்,
மே கடைசி வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? ஜூலையில் லீவு போட்டு வரவா, ஏரியில் வேக்சர்ஃபிங் (போட்டின் பின்னால் எழும் அலையில் பலகைமேல் நின்று சறுக்குவது) பண்ண அதுதானே நல்ல நேரம் என்று கேட்டிருந்தாய். முடிந்தால் லீவை மாற்று. செப்டம்பர் முதல் வாரம் கழிந்து வா.

கோவளத்தில் நீ அலைக்காகக் காத்துக் கிடப்பாய். இங்கே மோட்டார் போட்டே அலையை உண்டாக்கித் தந்துவிடும், நமக்கு வேண்டியதெல்லாம் மற்ற தண்ணீர் அசையாமல் கிடப்பதுதான். ஜூலையில் அது மட்டும் கிடைக்காது. நாங்கள் போகிற மினடோங்கா ஏரி சுமார் 14,500 ஏக்கர், ஏகப்பட்ட குடாக்களும் குறுகலான வாய்க்கால்களுமாக இருக்கும். சனி ஞாயிறு என்றால், அதிலும் ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டி, ஊரே போட்டோடு தண்ணீரில்தான். ஒவ்வொரு போட்டின் அலையும் கரையில் மோதித் திரும்பி வந்து நம் அலையைக் கலைத்துவிடும். தண்ணீர் என்னவோ அப்போதுதான் நல்ல சூடு, 25 டிகிரி வரை போகும், ஒன்பது மணி வரை வெளிச்சமும் இருக்கும், அதை மறுக்கவில்லை.

மே மாதத்தை நினைக்கவே வேண்டாம். பனிக்காலத்தில் கார் ஓட்டிப் போகும் அளவுக்கு இறுகிக் கிடந்த ஏரி, ஏப்ரல் நடுவில்தான் உருகும். மே கடைசியில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் வெட்சூட் என்ற குளிர் தாங்கும் ரப்பர் உடை இல்லாமல் இறங்கினால் பல் கிட்டிக்கொள்ளும். இன்னொன்று, லூன் என்ற பறவை மே, ஜூனில் இந்த மாநிலத்து ஏரிகளில் தண்ணீரை ஒட்டியே கூடு கட்டும், பெரிய அலை வந்தால் முட்டை போய்விடும். அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது.

செப்டம்பர் முதல் திங்கள் இங்கே தொழிலாளர் தினம். அதோடு பள்ளிக்கூடம் திறந்துவிடும், வார நாட்களில் ஏரி காலியாகிவிடும். கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் லேசில் ஆறாது, விடிகாலையில் காற்று 10 டிகிரி என்றாலும் தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருக்கும், அதனால் ஏரி முழுக்கப் புகை மாதிரி மூட்டம் எழும்பி நிற்கும். அது விலகிய பிறகு ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், தண்ணீர் கண்ணாடிதான். காற்று கிளம்பிவிட்டால் மரங்கள் மறைக்கிற குடாவாகப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் குளிர் ஏறிவிடும், போட்டையெல்லாம் கரையேற்ற ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குள் நாம் ஆசைதீர ஆடிவிட வேண்டும்.

என்னோடு வேலை பார்ப்பவரின் போட்டில்தான் போவோம். பம்ப் போட்டு ஏரித் தண்ணீரையே போட்டில் உள்ள தொட்டிகளில் நிரப்பினால் பின்பக்கம் நன்றாக அமுங்கும், அலையும் பெரிதாக எழும். நீ தண்ணீரில் மல்லாந்து, குதிகாலைப் பலகைமேல் வைத்துக் கயிற்றைப் பிடித்திருப்பாய். போட் இழுக்கும்போது அவசரப்பட்டு எழாதே, முட்டியை மடக்கியே வை, பலகை தானாக நிமிர்ந்து காலுக்கு வரும். மணிக்கு 16, 18 கிலோமீட்டர் வேகம்தான். அலை முதுகைத் தள்ளுவது தெரிந்ததும் கயிற்றை விட்டுவிடலாம், அப்புறம் போட் போகிற வரைக்கும் அலை உன்னுடையது! புரொப்பெல்லர் அடியில் உள்ளே தள்ளி இருக்கிற போட்டில் மட்டும்தான் இதைச் செய்யலாம், பின்னால் எஞ்சின் தொங்குகிற போட்டில் யார் கூப்பிட்டாலும் ஏறாதே.

கரையிலிருந்து தள்ளித்தான் ஓட்டுவோம். இந்த அலை அடங்க 500 அடிக்கு மேல் வேண்டும் என்று மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வகம் 2022-இல் அளந்து சொன்னது. ஆழம் 20 அடியாவது வேண்டும் என்று பிற்பாடு சொன்னார்கள், இல்லாவிட்டால் அடிச்சேறு கலங்கிவிடும். ஏரி நன்றாக இருந்தால்தானே நமக்கும்.

உன் பலகையைத் தூக்கி வராதே, இதற்கு ஐந்தடிக்குள் குட்டைப் பலகை போதும், இங்கேயே இருக்கிறது. நீ இடது கால் முன்னாலா, வலது கால் முன்னாலா என்று மட்டும் எழுது, அலையை எந்தப் பக்கம் எழுப்புவது என்று போட்காரரிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா