பாறைக்குப் பெயர், நிலக்கரிக்கு அல்ல

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் ஜார்க்கண்டில் உள்ள ஜாரியா நிலக்கரி வயலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. முழங்கால் வலி எனக்கும் குறைந்திருக்கிறது. நிலக்கரிக்கு ஏன் இத்தனை பெயர்கள் என்று அவள் கேட்டாளாமே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெயர்கள் நிலக்கரிக்கு அல்ல, அதைப் பொதிந்து வைத்திருக்கும் பாறைக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தால்சேர் என்ற பாறைத் தொகுதி. 1856இல் ஒடிசாவின் தால்சேர் பகுதியை ஆராய்ந்த புவியியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள், அங்குள்ள பாறாங்கல் படிவைப் பனிக்கட்டி கொண்டுவந்து சேர்த்ததாகக் கணித்தார்கள். வெப்ப நாட்டில் அப்படிச் சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்! தால்சேரின் பச்சை நிறக் களிப்பாறையை உடைத்தால் ஊசி ஊசியாகச் சிதறும். ஒருமுறை பார்த்தால் போதும், பிறகு எங்கே கண்டாலும் தெரிந்துவிடும்.

அதற்கு மேலேதான் நிலக்கரியைப் பொதிந்து வைத்திருக்கும் தாமுதா குழுமம். அதில் மூன்று தொகுதிகள்: கீழே பராகர், நடுவில் நிலக்கரி அற்ற தொகுதி, மேலே ராணிகஞ்ச். பராகரும் தாமுதாவும் ஆற்றின் வழி வந்த பெயர்கள். இந்த முறைதான் சரி என்பேன். இடத்தின் பெயரை வைத்தால், சந்தேகம் வரும்போது அங்கே போய்ப் பாறையையே பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். நடுத் தொகுதியை மட்டும் "வெற்றுப் படிவுகள்" என்று அழைப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கரும் களிப்பாறையும் இரும்புக்கல் பட்டைகளும் நிறைந்த பாறையை, அதில் இல்லாத ஒன்றைச் சொல்லியா அடையாளம் காட்டுவது? மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி வயலில் அதற்கு வழங்கும் குல்டி என்ற பெயரே மேல்.

நிலக்கரி அடுக்கையே வைத்து வகைப்படுத்தினால் என்ன என்றும் அவள் கேட்கக்கூடும். ஜாரியாவின் பராகரில் அடியிலிருந்து 1 முதல் 18 வரை அடுக்குகளுக்கு எண் இட்டிருக்கிறார்கள். ஆனால் அடுக்கு ஓரிடத்தில் பிளக்கும், வேறோரிடத்தில் பக்கத்து அடுக்கோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது எண்களையும் சேர்த்தே எழுதுவார்கள். அந்த எண்கள் ஜாரியாவைத் தாண்டினால் செல்லாது. பராகர் என்ற பெயரோ கோதாவரிப் பள்ளத்தாக்கு வரை செல்லும்.

துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளை அவள் பார்க்கும்போது நிலக்கரியை விட்டுவிட்டு மணற்பாறையை முதலில் பார்க்கச் சொல். பராகரில் மணல் பருமனாக, பெல்ஸ்பார் என்ற கனிமத்தின் வெள்ளைத் துகள்களோடு இருக்கும். ராணிகஞ்சில் பெரும்பாலும் நுண்ணியது. லென்ஸ் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, அவள் முகவரியை அனுப்பு.

அன்புடன்,
ராகவன்