டெல்டாவின் வங்கி மேலாளர்களுக்கு ஒரு பட்டறைக்காரரின் திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வங்கிக் கிளைகளை நடத்தும் மேலாளர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே சாலையோரம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேஜ் வீல், ரோட்டவேட்டர், அறுவடை மெஷின் என்று எது உடைந்து வந்தாலும் சரிசெய்து வயலுக்குத் திருப்பி அனுப்புவோம். ஒரு லேத் வாங்க 4 லட்சம் கடன் கேட்டு மூன்று கிளைகளுக்குப் போனேன். மூன்றிலும் பான் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சிபில் கம்மியா இருக்கே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழைய கடனை எப்படிக் கட்டினோம் என்பதை வைத்துப் போடும் மூன்று இலக்க ஸ்கோர்தான் இந்தச் சிபில். பட்டறையை வந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடப் பற்று நோட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அதை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இந்த மடலில் சொல்ல விரும்புகிறேன்.

மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்ததும் சேற்றுழவு தொடங்கும். அப்போது பட்டறையில் இரவு பகல் வேலை. ஆனால் வேலை நடக்கும் மாதத்தில் காசு வராது. "அறுத்துட்டுத் தர்றேன் அண்ணே" என்பார்கள், நோட்டில் எழுதிக்கொள்வேன். குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகு ஐப்பசி வாக்கில் பாதி வரும். மீதி சம்பா அறுத்துத் தை, மாசியில் வரும். ஈரப்பதம் கூடுதல் என்று நெல் நிலையத்து வாசலில் பத்து நாள் கிடந்தால் என் காசும் பத்து நாள் அங்கேயே கிடக்கும். மார்கழியிலும் சித்திரை, வைகாசியிலும் கல்லா வெறுமையாகத்தான் இருக்கும். பன்னிரண்டு வருட நோட்டிலும் இதே கதைதான். பெரும்பாலானவர்கள் தாமதமாகவாவது கொடுத்துவிட்டார்கள்.

விவசாயக் கடனில் இந்த நடைமுறையை வங்கிகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. குறுகிய காலப் பயிருக்கான கடன் தவணை இரண்டு போகம் நிலுவையில் நின்றால்தான் வாராக்கடன் ஆகும். என் கடனுக்கோ 90 நாள்தான் கெடு. அந்த விவசாயி நெல் விற்றுக் கொடுக்கும் பணத்தில்தான் நான் தவணை கட்டுகிறேன். அவருக்குப் போகத்தைப் பார்க்கிற வங்கி எனக்கு ஏன் மாதத்தை மட்டும் பார்க்கிறது? பட்டறை மட்டுமல்ல, உரக்கடை, டீக்கடை, தையல் கடை, பாத்திரக்கடை எல்லாமே இங்கே நெல்லை நம்பித்தான் நடக்கின்றன.

என் ஸ்கோர் எப்படிக் கெட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2017இல் ஒரு வங்கியில் 3 லட்சம் வாங்கி ஒழுங்காகக் கட்டி வந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பட்டறையின் தகரக் கூரை முழுவதும் போனது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 27 நாள் ஆனது. கரண்ட் இல்லாமல் வெல்டிங் ஏது? அந்தத் தையில் ஊரில் யார் கையிலும் காசில்லை, யாரிடமும் பாக்கி கேட்க எனக்கு வாயும் வரவில்லை. நான்கு தவணை தவறியது. இயற்கைச் சீற்றம் தாக்கிய இடங்களில் கடனை மாற்றி அமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது கிளையில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. தட்டுத்தடுமாறி எழுந்தபோது கொரோனா வந்தது.

2021இல் "செட்டில்மென்ட் போட்டு முடிச்சுக்கலாம்" என்று வங்கியில் கூப்பிட்டார்கள். அதாவது பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்வார்கள். மனைவியின் நகையை விற்றுச் சொன்ன தொகையைக் கட்டினேன். கடன் முடிந்தது என்றே நினைத்தோம். ஆனால் கடன் அறிக்கையில் முழுதும் கட்டியதைக் காட்டும் 'குளோஸ்டு' என்று வராமல், குறைத்துக் கட்டியதைக் காட்டும் 'செட்டில்டு' என்று வந்திருக்கிறது. தள்ளுபடி செய்த மீதியையும் கட்டி நோ டியூ சான்று வாங்கினால்தான் அதை மாற்றச் சொல்லிக் கேட்க முடியுமாம். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நானும் மனைவியும் கலந்து பேசி வேறு முடிவு எடுத்திருப்போம். இனி செட்டில்மென்ட்டுக்கு யாரைக் கூப்பிட்டாலும் முதலில் இதைச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நீங்கள் மறுத்தால் நாங்கள் சும்மா இருந்துவிட முடியாது. தொழில் ஓட வேண்டும், அதனால் தண்டலுக்குப் போகிறோம். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நாளுக்கு நாள் குறையும் பாக்கியை வைத்துக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதை நான் ஒரு நாளும் தவறாமல் பலமுறை கட்டி முடித்திருக்கிறேன். அந்த ஒழுங்கு எந்த அறிக்கையிலும் ஏறாது. நான் தவறிய நான்கு மாதம் மட்டும் நிற்கிறது.

சட்டத்தை மீறி எதையும் கேட்கவில்லை. கடனுக்குக் குறைந்தபட்சம் இத்தனை ஸ்கோர் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எதையும் நிர்ணயிக்கவில்லை. 2025இல் நிதித்துறை இணை அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே இதைச் சொன்னார். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை ஈடில்லாமல் தரலாம். அப்படியிருந்தும் ஒரு கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். முத்ராவுக்கும் பழைய கடனில் நாணயம் பார்ப்பார்கள் என்பது தெரியும், அது சரிதான். நாணயத்தைப் பார்க்கும்போது தவறிய மாதம் எது என்பதையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். 2018 நவம்பரிலிருந்து 2019 பிப்ரவரி வரை என்று இருந்தால், அந்த மாதங்களில் இந்த மண்ணில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

1904இல் கும்பகோணத்தில் கும்பகோணம் வங்கி என்று தொடங்கியதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. மூன்று இலக்க எண் எதுவும் இல்லாத காலத்திலேயே இந்த டெல்டாவில் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது.

தவணையை எங்கள் வரவுக்கு ஏற்ப அமைத்துக் கொடுங்கள். ஐப்பசியிலும் தை, மாசியிலும் பெரிய தவணை வையுங்கள், மற்ற மாதங்களில் வட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், ரிசர்வ் வங்கியின் நடைமுறை விதியே அதைத்தான் சொல்கிறது. காரணம் தெரியாமல் அடுத்தடுத்த வங்கியில் விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு வங்கியும் ஸ்கோரைக் கேட்டுப் பார்க்கும் அந்த விசாரணைகளாலேயே ஸ்கோர் இன்னும் இறங்குகிறது. அப்புறம், இந்த ஸ்கோரைப் போடும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம், பிழை இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பதைக் கிளைக்கு வருபவர்களிடம் சொல்லுங்கள். என் அறிக்கையில் எப்போதோ கட்டி முடித்த பைக் கடன் பாக்கியாகவே நின்றது. புகார் கொடுத்த பிறகுதான் நீங்கியது.

தை பிறந்ததும் எங்கள் பக்கம் அறுவடை மெஷின்கள் இறங்கிவிடும். உங்களில் யாராவது ஒருவர் அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் பட்டறைக்கு வாருங்கள். ஆறு மணிக்கு மேல் பாக்கிக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். நான் நோட்டில் அடித்துக்கொண்டே இருப்பேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பட்டறைக்காரர்