கிரீஸுக்குள் ஒரு கை

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய நீளமான செய்தியை இரண்டு முறை படித்தேன். 2025 மார்ச் 23 அன்று மினியாபொலிஸ் ரிடர் அரங்கில் நடந்த கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டி இன்னும் உன் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது. ஒஹாயோ ஸ்டேட் அணியின் ஊரான கொலம்பஸில் படிக்கிற பிள்ளைக்கு அந்த வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் “ரெஃபரியே கோப்பையைத் தூக்கி விஸ்கான்சினிடம் கொடுத்துவிட்டார்” என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த ஒரு வரியை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை. கோபம் இருக்கட்டும்மா. அது எதன் மேல் என்பதைக் கொஞ்சம் சரியாகப் பார்த்துக்கொள்வோம்.

நடந்தது இதுதான். ஒஹாயோ ஸ்டேட் 3-2 என்று முன்னிலையில் இருந்தது. விஸ்கான்சின் தன் கோலியை, அதாவது கோல் காக்கிறவளை, வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரியை உள்ளே இறக்கியிருந்தது. கோல் வாசலில் ஒரே நெரிசல். அந்தத் தள்ளுமுள்ளில் பக் என்கிற ரப்பர் வட்டு கிரீஸுக்குள், அதாவது கோலிக்கென்று நீல வண்ணம் அடித்த அந்த இடத்துக்குள், கிடந்தபோது ஒஹாயோ ஸ்டேட் வீராங்கனை ஒருத்தியின் கை அதை மூடியது. வீடியோ பார்த்த பிறகு ரெஃபரிகள் பெனால்டி ஷாட் கொடுத்தார்கள். கடிகாரத்தில் மிச்சம் 18.9 விநாடி. கிர்ஸ்டன் சிம்ஸ் அடித்தாள், 3-3. ஓவர்டைம் மூன்றாவது நிமிடத்தில் அவளே மறுபடி அடித்து 4-3 என்று முடித்துவைத்தாள். விஸ்கான்சினுக்கு எட்டாவது கோப்பை.

உன் முதல் கேள்வி: கை தெரியாமல் பட்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

கை படுவதே ஐஸ் ஹாக்கியில் குற்றமில்லை. நம்மூர்ப் புல்தரை ஹாக்கியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. விரித்த கையால் பக்கைத் தட்டி நிறுத்தலாம், தள்ளிவிடலாம். விரல்களை மடக்கிப் பிடித்தாலோ, அணைத்து மூடினாலோதான் குற்றம். அதையும் கிரீஸுக்கு வெளியே செய்தால் இரண்டு நிமிட பெனால்டியோடு போகும். கிரீஸுக்குள், தடுக்கிற அணியில் கோலி தவிர வேறு யார் செய்தாலும் பெனால்டி ஷாட். ஒரே செயல்தான். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

விதி அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. பக்கின் மேல் விழுந்து மூடுகிற உரிமை கோலிக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அதை எல்லோரும் எடுத்துக்கொண்டால், உறுதியாகக் கோலாகப் போகிற ஒவ்வொரு பக்கையும் ஒரு கை போட்டு நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடம் வெளியே தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம். அதுவும் 18.9 விநாடிதான் மிச்சம் என்றால் இரண்டு நிமிட தண்டனைக்கு என்ன மதிப்பு? ஆட்டம் முடிந்து கைகுலுக்கி வீட்டுக்கே போய்விடுவார்கள். எந்த வாய்ப்பைக் கை கெடுத்ததோ, அந்த வாய்ப்பைத் திருப்பித் தருவதுதான் பெனால்டி ஷாட்.

அதிலும் கோலைத் தட்டில் வைத்து நீட்டிவிடுவதில்லை. பக் நடுப் புள்ளியில் இருக்கும். அடிப்பவள் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, எதிரணி முனையில் பனிக்குக் குறுக்கே போட்ட நீலக் கோட்டைத் தாண்டியபின் முன்னோக்கியே கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு அடி. கோலி மேல் பட்டுத் திரும்பி வந்தால் இரண்டாவது அடி கிடையாது. அவள் பக்கைத் தொடும்வரை கோலி கிரீஸை விட்டு வெளியே வரக்கூடாது, அதன்பின் முன்னேறி வந்து கோணத்தை அடைக்கலாம். பொதுவாகப் பார்த்தால் இந்தச் சண்டையில் ஜெயிப்பது கோலிகள்தான் அதிகம். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, எதிரே கோலி மட்டும் நிற்க, கை நடுங்காமல் அடித்தாளே, அதை ரெஃபரியின் கணக்கில் எழுதாதே. 2023-இல் டுலூத்தில் இதே இரண்டு அணிகள் மோதிய இறுதிப் போட்டி 1-0. அந்த ஒற்றைக் கோலும் சிம்ஸ் அடித்ததுதான். 2024-இல் டர்ஹாமில் உங்கள் அணி அதே 1-0-வைத் திருப்பிக் கொடுத்தது. மூன்று ஆண்டு, மூன்று இறுதிப் போட்டி, மூன்றும் ஒரே கோல் வித்தியாசம். இப்படி நூலிழையில் ஓடுகிற போட்டியில் யாரோ ஒருவரின் ஒரு கண நேரச் செயல் பெரிதாகத் தெரியத்தான் செய்யும்.

அடுத்தது, “அவ்வளவு தெளிவான குற்றம் என்றால் நேரிலேயே ஏன் விசில் ஊதவில்லை?” நல்ல கேள்வி.

பனியில் நான்கு பேர் இருக்கிறார்கள். கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிய இருவர் ரெஃபரிகள், மற்ற இருவர் லைன்ஸ்மேன்கள். லைன்ஸ்மேனுக்கு ஆஃப்சைடு, ஐசிங், ஃபேஸ்ஆஃப் என்று வேலை. பெனால்டி பெரும்பாலும் ரெஃபரிகள் பொறுப்பு. ஆட்டம் ஒரு முனைக்குப் போகும்போது ஒரு ரெஃபரி கோல் கோட்டருகே மூலைப் பக்கம் இறங்கி நிற்பார், இன்னொருவர் நீலக் கோட்டுப் பக்கம் பின்னால் இருப்பார். கோல் வாசலில் ஏழெட்டு உடம்புகள் பின்னிக்கிடக்கையில், மூலையில் நிற்பவருக்கு வலையின் பக்கச் சட்டமும் கோலியின் தடித்த பேடுகளும் மறைக்கும். பின்னால் நிற்பவருக்கு முதுகுகள் மட்டுமே தெரியும். கையுறை எந்த நிறமோ பேடும் கிட்டத்தட்ட அந்த நிறம். நீ பார்க்கிற காட்சி மேலேயிருக்கும் கேமரா எடுத்தது. அந்தக் கோணத்தில் ரெஃபரிக்குக் கண் கிடையாது.

அதற்காகத்தான் வீடியோ. பயிற்சியாளர் சவால் விட்டுக் கேட்கலாம், தோற்றால் அவருடைய டைம்அவுட் போய்விடும். திரையில் ரெஃபரி தேடுவது ஒன்றைத்தான்: பனியில் எடுத்த முடிவைத் தயக்கமே இல்லாமல் மாற்றுகிற அளவுக்குக் காட்சி தெளிவாக இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் பழைய முடிவு அப்படியே நிற்கும்.

இனி உன் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்கிறேன். இதை நீ எழுதவில்லை, எழுதியிருந்தால் உன்னோடு சேர்ந்து நானும் பேசியிருப்பேன். வீடியோவுக்கு எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கிடையாது. பக் கோட்டைத் தாண்டியதா, 4 அடி உயரக் குறுக்குக் கம்பிக்கு மேலே ஸ்டிக்கால் தட்டினார்களா, காலால் உதைத்தார்களா, கோலியை இடித்தார்களா, முன்னால் ஆஃப்சைடு இருந்ததா என்பதையெல்லாம் பார்க்கலாம். ஐந்து நிமிட மேஜர் பெனால்டி சரிதானா என்றும் பார்க்கலாம். ஆனால் பத்து விநாடிக்கு முன்பு ஒருத்தி ஸ்டிக்கைக் கொக்கி போட்டு இழுத்ததை, காலை வாரிவிட்டதை ரெஃபரி பார்க்காமல் விட்டிருந்தால், திரை முன் நின்றுகொண்டு அதற்கு பெனால்டி கொடுக்க முடியாது. கை மூடியதைத் துல்லியமாக அளந்துவிட்டு, அதே ஓட்டத்தில் நடந்த இழுபறியைக் கண்டுகொள்ளாமல் விடுவது பார்க்கிறவர்களுக்கு அநியாயமாகத் தோன்றும். தோன்றுவது மட்டுமல்ல, அது உண்மையிலேயே விதியில் உள்ள ஓட்டை. சண்டை போடுவதென்றால் அந்த ஓட்டையோடு போடு. அதை அடைக்க வேண்டியது விதிக் குழு. அன்று விசிலோடு நின்றவரால் ஆகிற காரியமில்லை.

“கடைசி நிமிடத்தில் ரெஃபரி ஒதுங்கி நிற்க வேண்டும், ஆட்டக்காரிகளே தீர்மானிக்கட்டும்” என்று உன் தோழிகள் சொல்வதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். விசில் ஊதாமல் விடுவதும் ஒரு முடிவுதான். முதல் நிமிடத்தில் குற்றமாக இருந்தது அறுபதாவது நிமிடத்தில் குற்றமில்லை என்றால், பிடித்து இழுக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கோப்பை போகும்.

பிளேஆஃப் நேரத்தில் இன்னொரு தகராறும் வரும், உடம்பு மோதல். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஆளை இடித்து வீழ்த்துவது பெனால்டி. பக்குக்காகத் தோளோடு தோள் நெருக்குவது ஆட்டத்தில் சேர்த்தி. எது எது என்று அறிய மூன்று இடத்தைப் பார். ஸ்டிக் பனியில் இருந்ததா, தூக்கியிருந்ததா? இடிப்பதற்கு முன் கால் சறுக்கிக்கொண்டு வந்ததா, இரண்டு மூன்று எட்டு வைத்து வேகம் கூட்டிப் பாய்ந்ததா? கண் பக்கின் மேல் இருந்ததா, எதிரி நெஞ்சின் மேலா? விழுந்தவள் எவ்வளவு பலமாக விழுந்தாள் என்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதே. சமநிலை தவறியிருந்தால் லேசான உரசலிலும் பெரிதாக விழுவார்கள். வேண்டுமென்றே பெரிதாக விழுந்து காட்டினால் அதற்கும் தனியாக பெனால்டி உண்டு, தெரியுமல்லவா?

இரண்டு அணிகளும் ஆடுகிற டபிள்யூசிஎச்ஏ லீக்கின் பிளேஆஃபில் முதல் சுற்று மூன்று ஆட்டத் தொடர். வெள்ளி இரவு விழுந்த இடி சனிக்கிழமை மாலை நினைவில் இருக்கும். அதனால்தான் முதல் பத்து நிமிடத்திலேயே ரெஃபரிகள் இறுக்கிப் பிடிப்பதைப் பார்க்கலாம். கேம் மிஸ்கான்டக்ட் என்றால் அந்த ஆட்டத்தோடு முடிந்தது. டிஸ்குவாலிஃபிகேஷன் என்றால் அடுத்த ஆட்டமும் போய்விடும். தொடரில் அது ஒரு தூணையே பிடுங்கிய மாதிரி. தேசியக் கோப்பைக்கான என்சிஏஏ போட்டிக்குள் 11 அணிகள் நுழைந்த பிறகு தொடரெல்லாம் கிடையாது, ஒரு தோல்வியோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். தவறான விசிலை நாளைக்குச் சரிக்கட்டலாம் என்கிற ஆறுதல் யாருக்கும் இல்லாததால்தான் மார்ச் மாதத்தில் எல்லோர் குரலும் இப்படி உயர்கிறது.

குரல் உயரட்டும். கோல் விழுந்ததும் எதிரணிக் கோலியைப் பார்த்து “சீவ், சீவ்” என்று கத்துவார்களே, சல்லடை என்று, அது கல்லூரி ஹாக்கியில் ரொம்ப நாளாக உள்ள வழக்கம். கோலிகளுக்கும் பழகிப்போன ஒன்று. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கைகுலுக்கும்போது கூச்சல் நிற்க வேண்டும். அழுதுகொண்டே கை நீட்டுகிற பெண்கள் அந்த வரிசையில் இருப்பார்கள்.

அந்தக் கை யாருடையது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தில் அந்தப் பெயரை எழுதவில்லை. நீயும் எங்கேயும் எழுதாதே. உன் அணிக்காகத்தான் அவள் அந்த நெரிசலுக்குள் விழுந்தாள். கண்ணெதிரே பக் கிடக்கும்போது, அரை விநாடியில், உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. உன் வயதுதான் அவளுக்கும். அவள் பெயரைப் போட்டு யாராவது ஏதாவது எழுதியிருந்தால் அதற்குக் கீழே ஒரு வரிகூடச் சேர்க்காதே. ரெஃபரிகளின் பெயரும் அப்படித்தான். அவர்கள் ஆட்டத்தை மேலதிகாரிகள் காட்சி காட்சியாகப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். பயிற்சியாளர்கள் தங்கள் புகாரை வீடியோத் துண்டோடு அனுப்பவும் வழி இருக்கிறது. அவர்கள் வீட்டு முகவரி வரை தேடுவது ரசிகர் வேலையில்லை.

இந்த ஞாயிறு இரவு கூப்பிடு. அந்தக் காட்சியை இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டிப் பார்ப்போம். முதல் தடவை நிறுத்தாமல், முழு வேகத்தில், ஒரே ஒரு முறை. நேரில் ரெஃபரிக்குக் கிடைத்தது அவ்வளவுதான். என்ன பார்த்தாய் என்று உடனே ஒரு தாளில் எழுதி வை. பிறகு மெதுவாக ஓட்டு. முதலில் பக் எங்கே என்று மட்டும் பார், அடுத்த தடவை கையுறையின் விரல்களை மட்டும், அதற்கடுத்து கிரீஸின் கோட்டை மட்டும். மூன்றையும் ஒன்றாகப் பார்க்கப் போனால் ஒன்றும் பிடிபடாது. சத்தத்தை அணைத்துவிடு, வர்ணனையாளர் குரல் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். அதன்பிறகும் அது பெனால்டி ஷாட் இல்லை என்று உனக்குத் தோன்றினால் எந்த இடத்தில் என்று சொல், நானும் அங்கேயே நிறுத்திப் பார்க்கிறேன்.

அரங்கத்துக்குப் போகும்போது காலுக்குத் தடித்த சாக்ஸ் போட்டுக்கொள். கோலுக்குப் பின்னால் கண்ணாடி ஓரம் உட்கார்ந்தால் குளிர் கால் வழியாகத்தான் ஏறும்.

அன்புடன்,
அம்மா