ஊசியை நிறுத்திவிடாதே பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனை வைத்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஜெபக் கூட்டத்தில் ஒருவர் பேரன் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, பிள்ளை சுகமாகிவிட்டான், இனி சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டால் அது அவிசுவாசம் என்று சொன்னதாகச் சொன்னாயே. நீ அழுதுகொண்டே, "என் விசுவாசம்தான் பத்தலையாப்பா" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் எழுந்து போய் அவனுக்குச் சுகர் பார், நேரத்துக்கு இன்சுலினைப் போடு. மீதியை அப்புறம் படி. அவனுக்கு இருக்கிற டைப் 1 சர்க்கரை நோயில் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுகிறது, ஊசியை விட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். 1922-ல் டொரண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிப் போவதைப் பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஜெபித்திருப்பார்கள் அல்லவா? அந்த மருந்தை நான் அந்த ஜெபங்களுக்கு வந்த பதிலாகத்தான் பார்க்கிறேன்.

நான் அற்புதத்தை நம்பாதவன் இல்லை, உனக்கே தெரியும். பைபிளில் 12 வருஷம் பெரும்பாட்டோடு, அதாவது நிற்காத உதிரப்போக்கோடு இருந்து, வைத்தியர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தவள் ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள், சுகமானாள். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றார். இரட்சித்தது என்பதற்கு மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்குச் சுகமாக்குவது, இரட்சிப்பது இரண்டுமே பொருள். அதை வைத்துக்கொண்டுதான் சிலர், சுகம் வரவில்லையா, அப்போது விசுவாசமும் இல்லை, இரட்சிப்பும் சந்தேகம்தான் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் கூரையைப் பிரித்து, நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் இறக்கினார்களே, அங்கே இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை", படுத்திருந்தவனிடம் உனக்கு எவ்வளவு விசுவாசம் என்று கேட்கவே இல்லை. எழுந்து நட என்பதற்கு முன்னாலேயே அவன் பாவங்களை மன்னித்துவிட்டார், அவன் படுக்கையில் கிடக்கும்போதே.

அப்போஸ்தலன் பவுலைப் பார். மாம்சத்தில் முள் என்று அவரே சொன்ன உபாதை, மூன்று தரம் வேண்டிக்கொண்டும் எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. கூடவே பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து ஊரில் விட்டுவந்தார். தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னார். பவுலைப் பார்த்து விசுவாசம் பத்தலை என்று யார் சொல்வது? கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், அது தேவனுடைய ஈவு என்று எபேசியருக்கு எழுதினதும் அவர்தான். ஈவுக்கு யாராவது விலை கேட்பார்களா பாப்பா?

போன லீவில் வந்தபோது பேரன் சட்டையைத் தூக்கிக்கொண்டு, "தாத்தா, இன்னைக்கு நீங்க போடுங்க" என்று நின்றான். எனக்குக் கை நடுங்கியது. அவனே கண்ணை மூடி "இயேசப்பா, வலிக்கக் கூடாது, ஆமென்" என்று முடித்த பிறகுதான் குத்தினேன். அதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை.

ஜெபத்தை விடாதே, நாங்களும் விடவில்லை, அம்மா தினமும் விடியற்காலை அவன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறாள். மாப்பிள்ளையிடமும் இதைக் காட்டு. ராத்திரி ரீடிங் எவ்வளவு என்று மெசேஜ் போடு, எந்நேரமானாலும் சரி, முழித்திருப்பேன்.

அப்பா