புதுப்பிப்போடு போன ஏழு நிறங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிக்குப் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் உடனே நிறுவிவிட வேண்டும் என்று தங்கள் இதழின் சென்ற வாரத் தொழில்நுட்பப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். அந்த அறிவுரை தவறென்று சொல்ல வரவில்லை. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் வானாகிரை என்ற தீநிரல் 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவியபோது, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்த திருத்தத்தை நிறுவாத கணினிகள்தாம் அதில் சிக்கின. ஆயினும், அதே அறிவுரையைக் கேட்டு நடந்த எங்களுக்கு நேர்ந்ததையும் தங்கள் வாசகர்கள் அறிவது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணியில் மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு நூல்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்து தருகிறோம். ஜனவரிப் புத்தகக் காட்சி நெருங்க நெருங்க, ஒரே சமயத்தில் இருபது, இருபத்தைந்து நூல்கள் கையில் இருக்கும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. ஒவ்வொன்றும் பிழை பார்ப்பதற்காக, அதாவது மெய்ப்புக்கு, இரண்டு மூன்று முறை போய்த் திரும்பும். எது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பெயரில் எழுதி வைக்கலாமே என்று கேட்கலாம். எழுதி வைத்துப் பார்த்தவர்கள்தாம் நாங்கள்: ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’, ‘ஃபைனல் இதுதான்’ என்று ஒரே அத்தியாயத்துக்கு மூன்று கோப்புகள் கிடந்த காலம் உண்டு.

விண்டோஸில் கோப்புக்கு நிறம் தீட்டும் வசதி இயல்பாகக் கிடையாது. அதற்காகவே ஆண்டுச் சந்தா கட்டி ஒரு கோப்பு மேலாண்மை மென்பொருளை வாங்கினோம். முதல் மெய்ப்பு நூலாசிரியரிடம் இருந்தால் சிவப்பு, திருத்தம் வந்தும் இன்னும் ஏற்றாமல் இருந்தால் மஞ்சள், இரண்டாம் மெய்ப்புக்கு நீலம், அச்சுக்குப் போகலாம் என்றால் பச்சை, பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி வந்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற வேண்டியதற்கு ஊதா, யாரும் தொடக் கூடாததற்குச் சாம்பல் என்று ஆறு ஆண்டுகளாக ஒரு முறை வைத்திருந்தோம். ஆரஞ்சு நிறம் மட்டும் மெய்ப்பைச் சேர்ந்ததன்று. பதிப்பகத்திடமிருந்து பணம் வர வேண்டும் என்று பொருள். அந்த நிறம்தான் எங்கள் திரையில் எப்போதும் மிகுதி என்பது வேறு கதை.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, புதுப்பிப்பு முடிந்து கணினி திறந்தபோது திரை முழுவதும் வெள்ளையாக இருந்தது. கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. நிறங்கள் மட்டும் இல்லை. நாங்கள் தீட்டிய நிறம் கோப்பின் மேல் ஏறுவதில்லை என்பதும், அந்த மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு பதிவேட்டில்தான் எழுதப்படுகிறது என்பதும், புதிய பதிப்பு அந்தப் பதிவேட்டைப் படிப்பதே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தன. வெளியீட்டுக் குறிப்பில் ‘பிழைத்திருத்தங்களும் மேம்பாடுகளும்’ என்று இரண்டே சொற்கள் இருந்தன.

வேலையை நிறுத்த முடியாத நாள் அது. நினைவை நம்பிக் கோப்புகளைச் சேர்த்து ஒரு நூலை அச்சகத்துக்கு அனுப்பினோம். மாலையில் அங்கிருந்து அழைத்த இளைஞர், “அண்ணே, எட்டாம் அத்தியாயத்துல ‘இந்தப் பத்தி வேண்டாம், அம்மா படிச்சா வருத்தப்படுவாங்க’ன்னு ஒரு வரி நடுவுல கெடக்குதே, அதோட சேர்த்தே ஓட்டவா?” என்று கேட்டார். நூலாசிரியர் தம் கோப்பில் எங்களுக்காக எழுதி வைத்த குறிப்பு அது. மஞ்சளில் இருந்திருக்க வேண்டிய கோப்பு, நிறமில்லாததால் பச்சையோடு கலந்து போய்விட்டது. அந்தத் தம்பி பார்த்ததால் போட்ட அச்சுப் பிளேட்டுகளும் ஒரு நாள் கூலியும் மட்டும் வீணாயின. பார்க்காமல் ஓட்டியிருந்தால் அந்தத் தாயார் முகத்தில் நாங்கள் எப்படி விழித்திருப்போம் என்று தெரியவில்லை.

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினோம். தோற்றத்தை எளிமையாக்கும் பொருட்டு, குறைவானோரே பயன்படுத்தும் சில வசதிகளை நீக்கியிருப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலில் எனக்கு உறுத்துவது ‘வசதி’ என்ற சொல். நிறம் தீட்டும் பொத்தான் வேண்டுமானால் அவர்களுடைய வசதியாக இருக்கலாம். ஆனால் எந்தக் கோப்புக்கு எந்த நிறம் என்பது நாங்கள் படித்து, பார்த்து, முடிவு செய்து எழுதி வைத்த குறிப்பு. பொத்தானை எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். குறிப்பை எங்களிடம் ஒப்படைக்காமல் எடுத்துப் போக எந்தச் சந்தா ஒப்பந்தமும் இடம் தரக் கூடாது.

இது எங்கள் கடையோடு முடிகிற செய்தியும் அன்று. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் 1991-இல் வந்த சிஸ்டம் 7 என்ற இயங்குதளப் பதிப்பிலேயே கோப்புகளுக்கு ஏழு நிறங்கள் இருந்தன. 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் என்று எல்லாவற்றையும் புதிதாகக் கட்டியபோது அவை விடுபட்டுப் போயின. 2003-இல் வந்த பேந்தர் பதிப்பில்தான் திரும்பக் கிடைத்தன. பிறகு 2013 அக்டோபரில் வந்த மேவரிக்ஸ் பதிப்பு, பெயர் முழுவதையும் போர்த்தியிருந்த நிறத்தை எடுத்துவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் மிளகளவில் ஒரு புள்ளியை வைத்தது. ஒரே கோப்புக்குப் பல குறிகள் இடலாம், குறியை வைத்தே தேடலாம் என்பவை அந்த மாற்றத்தில் வந்த மெய்யான நன்மைகள். ஆனால் பட்டையாகத் தெரிந்த நிறம் புள்ளியாகச் சுருங்கியது பலருக்குப் பொறுக்கவில்லை. பழைய தோற்றத்தை மீட்டுத் தருவதற்கென்றே பிறர் எழுதிய துணை நிரல்களை நிறுவிக்கொண்டார்கள்.

புள்ளிக்கும் பட்டைக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று நினைப்பவர்கள், பால் வாங்கும் கடையை நினைத்துப் பார்க்கலாம். ‘ஒரு பச்சை, ஒரு நீலம்’ என்று கேட்கிறோம். கடைக்காரர் எழுத்தைப் படிக்காமலே எடுத்துத் தருகிறார். உளவியலாளர்களான ஆன் டிரீஸ்மனும் கேரி கெலேடும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விளக்கியது: நிறத்தால் மட்டும் வேறுபடும் ஒன்றைக் கண்டுபிடிக்க, சுற்றிலும் எத்தனை பொருள்கள் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் பிடிக்கும். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தேடினால், கோப்பு கூடக் கூட நேரமும் கூடும்.

நிறம் எல்லாருக்கும் ஒன்றுபோல் தெரியாதே என்பாரும் உண்டு. அது நியாயமான கேள்வி. இணையதளங்களுக்கான அணுகல்தன்மை நெறிகள், செய்தியைத் தெரிவிக்க நிறத்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்கின்றன. நிறத்தோடு ஒரு சொல்லோ குறியோ சேர்க்க வேண்டும் என்பதே அதற்குப் பொருள். இருக்கும் நிறத்தைப் பிடுங்க வேண்டும் என்பதன்று.

என் வேண்டுகோள் இரண்டு. பாதுகாப்புத் திருத்தத்தையும் தோற்ற மாற்றத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதால்தான், தீநிரலுக்கு அஞ்சுகிறவன் தன் வேலைமுறையையும் சேர்த்துப் பறிகொடுக்க நேர்கிறது. இவற்றைத் தனித்தனியே தரும்படி நிறுவனங்களைத் தங்கள் பகுதி வற்புறுத்த வேண்டும். அடுத்து, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் என்னென்ன வந்திருக்கிறது என்று பட்டியலிடும் தாங்கள், என்னென்ன போயிருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

நாங்கள் இப்போதைக்கு ஒரு முழு அட்டையைச் சுவரில் ஒட்டி, நூல்களின் பெயர்களை வரிசையாக எழுதி, பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப் பென்சிலால் கட்டம் கட்டமாகத் தீட்டி வருகிறோம். மஞ்சள் பென்சில் பாதியாகிவிட்டது. ஆரஞ்சு, சென்ற வாரமே தீர்ந்துபோய் வேறு வாங்கியாயிற்று.

இங்ஙனம்,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.