போன் வாங்கும் முன் கொஞ்சம் கேள், கண்ணம்மா

கண்ணம்மா,

பேட்டரி நிற்பதில்லை, அதனால்தான் போனை எடுக்க முடியவில்லை என்று தம்பியிடம் சொன்னாயாம். சரி. நாமே பழுது பார்க்கிற மாதிரி செய்யப்படும் ஃபேர்போனில் ஆறாம் தலைமுறை வாங்கப் போகிறாய் என்றும் சொன்னான். உடனே அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

எனக்குப் பிடித்துவிட்டது. 2025 ஜூனில் வந்த போன், 12 பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரே ஸ்க்ரூடிரைவரால் நாமே மாற்றிக்கொள்ளலாம். திரை உடைந்தால் திரை, சார்ஜ் போடும் இடம் தேய்ந்தால் அது மட்டும். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி பாட வைத்தவள் நீ, உனக்கு இது என்ன பெரிய வேலை! அப்படிப்பட்டவளுக்கு ஒரு வரி செய்தி அனுப்ப மட்டும் ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

ஐந்து வருட உத்தரவாதம், மென்பொருள் அப்டேட் 2033 வரை. அதற்காகத்தான் காசு கொடுக்கிறாய், வேகத்துக்காக இல்லை. வந்தபோது இதன் விலை 599 யூரோ, அந்தக் காசுக்கு இதைவிட வேகமான சிப்பும் நல்ல கேமராவும் உள்ள போன் கிடைக்கும். ஹெட்போன் துளை இல்லை, வயரில்லாமல் சார்ஜ் ஏறாது. தூசி, தண்ணீரைத் தாங்கும் தரம் ஐபி55, அதாவது மழைத் தூறல் பரவாயில்லை, தண்ணீரில் விழக் கூடாது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஐந்தாம் மாடலில் பின்மூடியை நகத்தாலேயே திறந்து பேட்டரியைக் கையில் எடுத்துவிடலாம், இதில் திருகு கழற்ற வேண்டும். நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் இன்னொரு பேட்டரியைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. அதனால் பவர் பேங்க் கட்டாயம் வைத்துக்கொள், ராத்திரி திரும்பும்போதாவது போன் உயிரோடு இருக்கட்டும். அத்தை விஷயத்தில் நாம் பட்டது போதும்.

அப்புறம், அவசரம் வேண்டாம். இப்போதிருக்கும் போனுக்கே முதலில் பேட்டரி மாற்றிப் பார். அது பசை போட்டு ஒட்டியிருக்கும், நீயே நெம்பாதே, லித்தியம் பேட்டரி வளைந்தாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கலாம், கடையில் கொடு. அது சரியானால் புதுசு வாங்கும் காசு மிச்சம். காசுதான் சிக்கல் என்றால் சொல், அனுப்புகிறேன், காரணம் கேட்கமாட்டேன். இன்னும் அதே அறையில்தான் இருக்கிறாயா என்று அம்மா கேட்கிறாள். வேலை எப்படி என்று நான் கேட்கவில்லை, நீயாகச் சொல்லும்போது சொல்.

பேட்டரியை இந்த வாரமே மாற்று. பவர் பேங்கை மறக்காதே. பேச முடியாவிட்டால் ஒரு வரி எழுது.

அப்பா