20 ஜிபி ரூட் காணாது

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் நின்றதால், எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டுக்காரர் பழைய டெஸ்க்டொப்பை வீசாமல் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிட்டோம். நல்ல விசயம்தான். ஆனால் போட்டுக் கொடுப்பவர்கள் டிஸ்க்கைப் பிரிக்கிற விதத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதவேண்டும்.

மகள் உயர்தரம் படிக்கிறாள். 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க்கில் ரூட்டுக்கு (இயங்குதளம் இருக்கிற பங்கு) 20, ஸ்வாப்புக்கு (ராம் காணாதபோது கைகொடுக்கிற இடம்) 16, மிச்சம் ஹோமுக்கு (சொந்தக் கோப்புகள் இருக்கிற பங்கு) என்று பிரித்துத் தந்தார்கள். ஐந்தாம் மாதம் ரூட் நிரம்பி அப்டேட் பாதியில் நின்றது, பிறகு ஒருநாள் உள்ளேயே போக முடியவில்லை, சோதனைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அந்த நேரம் ஹோமில் 170 ஜிபி சும்மா கிடந்தது! நிறுவுகிற மென்பொருள் எல்லாம் ரூட்டுக்குள்தான் போகும், ஸ்னாப் என்ற பொதி முறையில் போட்ட மென்பொருள் தன் பழைய பதிப்பையும் வைத்துக்கொள்ளும், பிளாட்பேக் என்ற இன்னொரு பொதி முறையில் போட்டாலும் வழமையாக அங்கேதான், உபுண்டு 24.04-க்கே 25 ஜிபி வேண்டும் என்று உபுண்டுவை வெளியிடுபவர்களே சொல்லியிருக்க 20 எப்படிக் காணும்?

பிறகு மாற்றலாம்தானே என்பார்கள். மாற்றலாம், ஆனால் பங்கு பிரித்து மதில் கட்டிய காணியில் மதிலை நகர்த்துகிற வேலை அது. யூஎஸ்பியில் இருந்து தொடங்கி, ஹோமின் முன்பக்கத்தை வெட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் பின்னால் தள்ளவேண்டும், இடையில் கரண்ட் போனால் அத்தனையும் போகலாம். யூபிஎஸ் இல்லாத வீட்டில் மாரி மழைக்குள் அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட்டோம்.

இந்த முறை ரூட்டுக்கு 60, கணினி தொடங்கத் தேவையான ஈஎஃப்ஐ பங்குக்கு 1, மிச்சம் ஹோம். ராம் 8 ஜிபிதான், ஸ்வாப்புக்குத் தனிப் பங்கு வைக்காமல் 4 ஜிபியில் ஒரு ஸ்வாப் கோப்பு. ஸ்வாப் ராமின் இரண்டு மடங்கு இருக்கவேண்டும் என்பதெல்லாம் ராம் 64, 128 எம்பியாக இருந்த காலத்துக் கணக்கு. ஹைபர்னேட் செய்பவருக்கு (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் வைத்துவிட்டுக் கணினியை அணைப்பவருக்கு) மட்டும் ராம் அளவுக்காவது வேண்டும். 120 ஜிபி டிஸ்க் என்றால் ஹோமைப் பிரிக்கவே வேண்டாம். பெரிய டிஸ்க்கில் பிரித்தால்தான் பயன்: அடுத்த பதிப்பைப் போடும்போது ஹோமை ஃபார்மட் செய்யாமல் விட்டால் பிள்ளையின் கோப்புகள் அப்படியே இருக்கும்.

கடைத் தம்பிமாரே, பிரிக்க முதல் இந்தக் கணினியில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு சொல் கேளுங்கள். பிரித்த அளவுகளை ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.